'அட் லீஸ்ட்' என்றால் கீழா, மேலா? ஆங்கில அளவு ஒப்பீடும் கேரள எல்லைத் தமிழ் மாணவரும்

பத்தாம் வகுப்பு வரை கணிதத்தைத் தமிழில் கற்ற மாணவர் ஒருவர், பதினோராம் வகுப்பில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறார். ஆண்களும் பெண்களும் உள்ள ஒரு தொகுதியிலிருந்து ஐவர் குழுவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதில் 'அட் லீஸ்ட்' இரண்டு பெண்கள் இருக்கவேண்டும் என்கிறது வினா. 'லீஸ்ட்' என்றால் மிகக் குறைந்தது என்று அவர் படித்திருக்கிறார். ஆகவே இரண்டும் அதற்குக் கீழும் என்று பொருள்கொண்டு, பெண்களே இல்லாத குழு, ஒரு பெண் உள்ள குழு, இரு பெண்கள் உள்ள குழு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கூட்டுகிறார். கணக்கின் முறை சரி, விடை தவறு. திருத்துபவர் அவரைக் கணிதத்தில் பின்தங்கியவர் என்று மதிப்பிடுகிறார். ஆங்கில ஆசிரியரின் கண்ணுக்கு அந்த விடைத்தாள் வருவதே இல்லை.

அதே மாணவரிடம் 'குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கவேண்டும்' என்று தமிழில் சொன்னால் தவறு நேராது. 'குறைந்தது' என்னும் சொல்லிலும் குறைவு என்னும் பொருளே வேராக இருக்கிறது. ஆயினும் அது இரண்டையும் இரண்டுக்கு மேற்பட்டவற்றையும் குறிக்கிறது என்பதைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே அறிந்திருக்கிறது. 'குறைந்தது பத்து ரூபாயாவது கொடு' என்று கேட்கும் குழந்தை, இருபது ரூபாயை மறுப்பதில்லை. ஆகவே மாணவரிடம் இல்லாதது கருத்தன்று. தம்மிடம் உள்ள கருத்துக்கும் ஆங்கிலத் தொடருக்கும் உள்ள உறவை யாரும் அவருக்குக் காட்டவில்லை என்பதே குறை. அளவை ஒப்பிடும் ஆங்கிலத் தொடர்களைக் கேரள எல்லைத் தமிழ் மாணவருக்குத் தமிழ் இலக்கணத்தின் வழியே கற்பிக்கவேண்டும். இப்போதைய வகுப்பறை அந்த வாயிலை மூடிவைத்துவிட்டு மாணவரைக் குறை கூறுகிறது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சித்தூர் பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தில் அடங்கின. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வசதி செய்யுமாறு அரசமைப்பின் 350ஏ உறுப்பு மாநிலங்களைப் பணிக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்பதை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஏற்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் வினாத்தாளும் தமிழில் கிடைக்கிறது. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆனால் பத்தாம் வகுப்புக்குப்பின் பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலமாகிவிடுகிறது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் வழங்கும் ஊரில் வளர்ந்த மாணவர், ஒரே கோடையில் கணிதத்தையும் வணிகவியலையும் மூன்றாம் மொழிக்கு மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தில் முதலில் இடறிவிடுபவை அரிய கலைச்சொற்கள் அல்ல. அவற்றை அகராதியில் காணலாம். 'மோர் தேன்', 'நாட் மோர் தேன்', 'அட் லீஸ்ட்', 'ட்வைஸ் ஆஸ் மெனி ஆஸ்' போன்ற எளிய தொடர்களே இடறுகின்றன. அவற்றின் சொற்கள் ஒவ்வொன்றும் தெரிந்தவையாக இருப்பதால் மாணவர் அகராதியைத் திறப்பதே இல்லை.

இந்தியப் பள்ளிகளில் ஒப்பீடு என்றால் நெடுங்காலமாக ஒரே பயிற்சிதான் நடந்துவருகிறது. 'டால், டாலர், டாலஸ்ட்' என்று பண்புச்சொல்லின் மூன்று படிகளை மனப்பாடம் செய்வது. ஒரு வாக்கியத்தை ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு மாற்றி எழுதுவது. சொல்லின் வடிவம் மாறுவதைக் கவனிக்க இது பழக்குகிறது. அளவின் பொருளைக் கவனிக்க இது பழக்குவதில்லை. ஆங்கிலத்தில் அளவை ஒப்பிடும் எந்தத் தொடரைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். ஒப்பிடப்படுவது எண்ணப்படும் பொருளா, அளக்கப்படும் பொருளா? சொல்லப்பட்ட எண் எல்லைக்குள் அடங்குமா, அடங்காதா? ஒப்பீடு வேறுபாட்டைச் சொல்கிறதா, மடங்கைச் சொல்கிறதா? இம்மூன்றுக்கும் தமிழில் தெளிவான கருவிகள் உள்ளன.

முதல் வினாவை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் எண்ணுபொருளுக்கு 'மெனி' என்றும், அளவைப்பொருளுக்கு 'மச்' என்றும் சொல்லும். குறைவைச் சொல்லும்போது முன்னதற்கு 'ஃபியூவர்', பின்னதற்கு 'லெஸ்'. தமிழில் 'குறைவு' என்பது இரண்டுக்கும் பொது. ஆதலால் தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு விளங்குவதில்லை என்று ஆசிரியர் பலர் கருதுகின்றனர். அவர்கள் பார்க்கும் இடம் தவறு. தமிழ் இந்த வேறுபாட்டை வினாச்சொல்லில் வைத்திருக்கிறது. மாணவரை 'எத்தனை பேர்' என்றும், தண்ணீரை 'எவ்வளவு' என்றும் கேட்கிறோம். 'சில' என்பது எண்ணுபொருளுக்கு, 'சிறிது' என்பது அளவைப்பொருளுக்கு. மலையாளத்தில் 'எத்ர' என்னும் ஒரே சொல் ஆளுக்கும் நீருக்கும் வழங்குகிறது. அதனால் எல்லைப்பகுதித் தமிழ் மாணவர் இந்த ஓரிடத்தில் தம் மலையாள நண்பரைவிட ஆங்கிலத்துக்கு அருகில் நிற்கிறார். அதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

இந்த ஒற்றுமை மேலும் ஆழமானது. பேச்சுத் தமிழில் 'எவ்வளவு பேர் வந்தார்கள்' என்று கேட்பதுண்டு. 'எத்தனை தண்ணீர் வேண்டும்' என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்திலும் 'லெஸ் பீப்பிள்' என்பது பேச்சில் தாராளமாக வழங்குகிறது. 'ஃபியூவர் வாட்டர்' என்று யாரும் சொல்வதில்லை. அளவைச் சொல் எண்ணின் இடத்தில் நுழைகிறது. எண்ணுச்சொல் அளவின் இடத்தில் நுழைவதில்லை. ஆங்கிலத்தில் எண்ணுபொருளோடு 'லெஸ்' வழங்குவது 9ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. 'ஃபியூவர்' என்பதே பொருத்தம் என்று முதலில் எழுதியவர் இராபர்ட் பேக்கர், ஆண்டு 1770. அவரும் அதைத் தம் விருப்பமாகவே சொன்னார். பின்வந்தோர் அதை விதியாக்கினர். 2008இல் பிரித்தானியாவின் டெஸ்கோ அங்காடிகள் 'பத்துப் பொருளோ குறைவோ' என்னும் பொருளில் 'லெஸ்' என்று எழுதியிருந்த பலகையை நீக்கி, 'பத்துப் பொருள் வரை' என்னும் பொருள்படும் 'அப் டு' தொடரை வைத்தன. தாய்மொழியாளரே ஒத்துப்போகாத ஒன்றுக்காக எல்லைத் தமிழ் மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமன்று.

ஆனால் இதே பகுதியில் கட்டாயம் கற்பிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டர், 142 அடி, முந்நூறு ரூபாய் ஆகியவற்றில் பன்மை எண் இருந்தாலும் ஆங்கிலம் 'லெஸ் தேன்' என்றே சொல்லும். அங்கே எண்ணப்படுவன தனித்தனிப் பொருள்கள் அல்ல. தூரம், உயரம், தொகை என்னும் ஒரே அளவு. 'எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எவ்வளவு பணம்' என்று தமிழில் கேட்டுப்பார்த்தால் விடை உடனே கிடைத்துவிடும். எண்ணுக்குப் பின்னால் 'எவ்வளவு' இருந்தால் 'லெஸ்'. 'எத்தனை' மட்டுமே இருந்தால் 'ஃபியூவர்'. இவ்வளவுக்குள் அடங்கும் பாடத்தை விதிவிலக்குகளின் பட்டியலாக்கி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

'ஃபியூ' என்பதற்கும் 'எ ஃபியூ' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இவ்வாறே எளிது. ஒரு சிறு சுட்டுச்சொல்லால் பொருள் எப்படி மாறும் என்று மாணவர் மயங்குகிறார். 'சில மாணவர் வந்தனர்' என்பதற்கும் 'மாணவர் சிலரே வந்தனர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியும். முன்னது வந்தவர் உண்டு என்கிறது. பின்னது எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்கிறது. ஆங்கிலம் சுட்டுச்சொல்லின் இன்மையால் உணர்த்துவதைத் தமிழ் ஏகாரத்தால் உணர்த்துகிறது. அந்த ஏகாரம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப்பாடத்தில் ஒரு மணி நேரத்திலும், இந்த 'ஃபியூ' ஆங்கிலப் பாடத்தில் மற்றொரு மணி நேரத்திலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டு மணி நேரங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

இரண்டாம் வினாவே மிகுந்த விளைவுடையது: எண் எல்லைக்குள் அடங்குமா? 'மோர் தேன் 5' என்றால் ஐந்து அடங்காது, ஆறிலிருந்து தொடங்கும். 'ஃபைவ் ஆர் மோர்' என்றால் ஐந்தும் அடங்கும். 'நாட் மோர் தேன் 5' என்றால் ஐந்து வரை, ஐந்தும் சேரும். 'நாட் லெஸ் தேன் 5' என்றால் ஐந்தும் அதற்கு மேலும். தமிழில் இவற்றுக்கு 'ஐந்துக்கு மேல்', 'ஐந்தும் அதற்கு மேலும்', 'ஐந்துக்கு மிகாமல்', 'ஐந்துக்குக் குறையாமல்' என்று நேரான தொடர்கள் உள்ளன. மாணவர் ஏன் இடறுகிறார்? சொல் வைப்பு முறையே காரணம். தமிழ் முதலில் எண்ணைச் சொல்லி, பின்னர் ஒப்பீட்டைச் சொல்லி, இறுதியில் மறுப்பைச் சொல்கிறது. ஆங்கிலம் மறுப்பை முதலிலும், ஒப்பீட்டை நடுவிலும், எண்ணை இறுதியிலும் வைக்கிறது. இரண்டும் ஒன்றன் கண்ணாடி பிம்பம் மற்றொன்று. விரைந்து படிக்கும் தமிழ் மாணவரின் கண், தமிழ்ப் பழக்கத்தின்படி, எண்ணையும் அதற்கு அடுத்துள்ள ஒப்பீட்டுச் சொல்லையும் பற்றிக்கொள்கிறது. முன்னால் நின்ற 'நாட்' கழன்றுவிடுகிறது. 'நாட் லெஸ் தேன் 5' என்பது அவருக்கு 'ஐந்தைவிடக் குறைவு' ஆகிவிடுகிறது. இத்தகைய ஒழுங்கை மொழியியல் அறியாமல் இல்லை. ஒப்பீட்டின் சொல்வைப்பு, முன்னொட்டு மொழிகளிலும் பின்னொட்டு மொழிகளிலும் எதிரெதிராக அமையும் போக்கை ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் வெளியான தம் மொழிப் பொதுமைகள் கட்டுரையில் சுட்டியிருக்கிறார். அறிவியல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்த வேறுபாடு, வகுப்பறையில் இன்னும் கவனக்குறைவு என்றே பெயர் பெறுகிறது.

'நாட் மோர் தேன் 5', 'நோ மோர் தேன் 5' ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதுவது மற்றொரு பிழை. முதலாவது ஓர் எல்லையை வகுக்கிறது: ஐந்துக்கு மிகாமல். இரண்டாவது பெரும்பாலும் ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறது: ஐந்தே பேர், இவ்வளவு குறைவா என்னும் குறிப்பு. மீண்டும் ஏகாரமே கைகொடுக்கிறது. இதன் மறுதலையாக, 'ஆஸ் மெனி ஆஸ் 50' என்பதில் ஐம்பது என்பது திட்டமான எண். அது பெரிது என்னும் வியப்பே தொடரின் பயன். அதனை 'ஐம்பது பேர் அளவுக்கு' என்று மொழிபெயர்க்கும் செய்தித்தாள் தமிழ், திட்டமான எண்ணைத் தோராயமாக்கிவிடுகிறது.

இவை தேர்வுக்கு மட்டும் உரிய நுட்பங்கள் என்று ஒதுக்க எல்லைப்பகுதியில் வாழ்வோரால் இயலாது. அவர்கள் வாழ்வை ஆளும் ஆவணங்கள் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் உயிர் அளவு ஒப்பீட்டில் இருக்கிறது. பீருமேடு வட்டத்தில் உள்ள முல்லைப்பெரியாறு அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 1979இல் அது 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்க இசைவளித்தது. அதே ஆண்டில் கேரளச் சட்டத் திருத்தம் 136 அடியை மேலெல்லையாக வகுத்தது. 2014 மே 7 அன்று அத்திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து 142 அடியை உறுதி செய்தது. இரு மாநிலங்களின் உழவரும், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்வோரும், இந்த 'வரை' என்னும் சொல்லின் இரு பக்கங்களிலும் நிற்கின்றனர். 'அப் டு 142' என்பதில் 142 அடங்கும். 'பிலோ 142' என்பதில் அடங்காது. நீரியல் பொறியாளருக்கு இது தெளிவு. தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்துத் தெருவில் விவாதிக்கும் இளைஞருக்கும் தெளிவாகவேண்டும்.

சித்தூர்ப் பகுதியின் பாசனம் பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கையைச் சார்ந்தது. 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியாகும் அந்த உடன்படிக்கையின்படி, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கிடைக்கவேண்டும். ஓர் உடன்படிக்கையில் ஓர் எண்ணைக் கண்டவுடன் அது கீழெல்லையா, மேலெல்லையா, திட்டமான அளவா என்று கேட்பதே படிப்பறிவின் முதல் அடையாளம். மழை மிகுந்த ஆண்டில் ஒரு விடையும் மழை பொய்த்த ஆண்டில் வேறொரு விடையும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன. கொழிஞ்சாம்பாறையில் தென்னைக்கு நீர் காத்திருக்கும் உழவரின் மகள் அந்தக் கேள்வியை ஆங்கில மூலத்திடமே கேட்கத் தகுதி பெறவேண்டும்.

தேயிலைத் தோட்டத்திலும் இதுவே நிலை. நாள்தோறும் பறிக்கவேண்டிய எடை ஒன்று வகுக்கப்படுகிறது. அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தொகை உண்டு. வகுத்த எடையை எட்டிய கிலோவுக்குத் தனித்தொகை இல்லை. அதைக் கடந்த கிலோவுக்கே உண்டு. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் 8.33 விழுக்காட்டைக் கீழெல்லையாகவும் 20 விழுக்காட்டை மேலெல்லையாகவும் வைத்திருந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர் 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளுடைய 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு 20 விழுக்காடு போனஸ் கேட்டனர். முடிவில் 8.33 விழுக்காடு போனஸ் என்றும் 11.67 விழுக்காடு கருணைத்தொகை என்றும் பிரித்து உடன்பாடு எட்டப்பட்டது. கூட்டுத்தொகை 20, ஆனால் சட்டம் கட்டாயமாக்கிய பகுதி கீழெல்லை மட்டுமே. எஞ்சியது வேறு பெயரில் வந்தது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையிலுள்ள வெளியில்தான் பேரம் நடக்கிறது என்பதை அப்பெண்கள் நன்கறிந்திருந்தனர். அவர்களின் பிள்ளைகள் அதே அறிவை ஆங்கிலத் தாளில் அடையாளம் காணமுடியாமல் போவது கல்வியின் தோல்வியே அன்றி வேறன்று.

மூன்றாம் வினா, வேறுபாடா மடங்கா என்பது. 'மோர்' என்னும் சொல்லே இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'டூ மோர் சில்ட்ரன்' என்றால் இன்னும் இரு குழந்தைகள். 'மோர் தேன் டூ சில்ட்ரன்' என்றால் இருவருக்கு மேற்பட்ட குழந்தைகள். தமிழ் 'இன்னும்', 'மேல்' என்று இரு சொற்களால் இதனைப் பிரிக்கிறது. எல்லைப்பகுதியில் 'கூடுதல்' என்னும் சொல் இடையே புகுகிறது. மலையாளத்தில் அது 'அதிகம்' என்னும் பொருளில் ஒப்பீட்டுக்கு இயல்பாக வழங்குகிறது. தமிழ் ஆட்சிமொழியிலோ 'கூடுதல் ஆட்சியர்' என்பதுபோல் மேற்சேர்க்கையைக் குறிக்கிறது. இரு மொழிகளையும் பேசும் மாணவருக்கு இச்சொல் ஆங்கில 'மோர்' போலவே இருபொருளுடையதாகிறது. இதைத் தடையாகக் கருதவேண்டியதில்லை. 'மோர்' ஏன் இருபொருள் தருகிறது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைக்காது.

மடங்கைச் சொல்லும்போது மயக்கம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஒரு தோட்டத்தில் 20 கிலோ ஏலக்காய். அடுத்ததில் 60 கிலோ. 'த்ரீ டைம்ஸ் ஆஸ் மச் ஆஸ்' என்றால் ஐயமின்றி 60. 'த்ரீ டைம்ஸ் மோர் தேன்' என்றால் பலர் 60 என்றே கொள்வர். சிலர் 20உடன் அதன் மும்மடங்கைச் சேர்த்து 80 என்பர். தமிழில் 'மூன்று மடங்கு' என்பதற்கும் 'மூன்று மடங்கு அதிகம்' என்பதற்கும் இடையே இதே மயக்கம் உண்டு. விழுக்காட்டிலும் அவ்வாறே: 10 விழுக்காடு 20 ஆனால் உயர்வு பத்து விழுக்காட்டுப் புள்ளி, ஆனால் பழைய அளவோடு ஒப்பிட்டால் அது நூறு விழுக்காட்டு உயர்வு. இங்கே தமிழ் மாணவருக்குத் தாய்மொழி வழிகாட்டாது, அது எச்சரிக்கும். ஆய்வேடு எழுதும் மாணவர் இரு மொழிகளிலும் மயக்கமற்ற தொடரையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதே இங்குள்ள பாடம்.

ஒப்பீட்டுச் சொல்லைப் பார்த்தவுடன் கணக்கைத் தொடங்கிவிடும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். முருகனிடம் 12 நூல்கள் உள்ளன, அவை வள்ளியிடம் உள்ளவற்றைவிட 4 குறைவு, வள்ளியிடம் எத்தனை? 'குறைவு' என்று கண்டதும் கழிப்பவர் 8 என்பார், விடை 16. அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் ஆன் லூயிஸும் ரிச்சர்டு மேயரும் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஒப்பீட்டுச் சொல் சுட்டும் செயலும் தேவையான செயலும் எதிரெதிராக இருக்கும்போது பிழை மிகுகிறது என்று காட்டியது. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்க்கும் இடறுவதை எல்லைத் தமிழ் மாணவரின் தனிக்குறையாக எண்ணுவது பிழை. யாருடைய அளவு ஒப்பீட்டுக்கு அடிப்படை என்று முதலில் கேட்கும் பழக்கமே இதற்கு மருந்து. தமிழ் வாக்கியத்தில் அந்த அடிப்படை 'விட' என்னும் சொல்லுக்கு முன்னால் வெளிப்படையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தேன்' என்பதற்குப் பின்னால் நிற்கிறது.

தமிழ் இலக்கண மரபு இந்தச் சிக்கலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் நான்கு பொருள்களில் ஒப்பும் எல்லையும் அடங்கும். ஒப்பிடுவதும் எல்லை வகுப்பதும் ஒரே உருபின் வேலை. அந்த ஒப்பிலும் இரு வகை உண்டு. ஒன்றைப் போன்றது மற்றொன்று என்பது உவமப்பொருவு. ஒன்றினும் மிக்கது மற்றொன்று என்பது உறழ்பொருவு. களாப்பழத்தின் கருமையைக் காக்கையின் கருமையோடு வைத்துப் பார்க்கும் உரையாசிரியர்களின் பழைய எடுத்துக்காட்டு, 'காக்கை போலக் கரியது' என்றும் 'காக்கையைவிடக் கரியது' என்றும் இருவகையாகப் பொருள்படும். ஆங்கிலம் முன்னதை 'ஆஸ்' தொடராலும் பின்னதைத் 'தேன்' தொடராலும் பிரிக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் இந்த இலக்கணத்தைத் தேர்வுக்காகப் படிக்கிறார். அதே மாணவர் நாளை எல்லைப்பகுதிப் பள்ளியில் ஆசிரியராகும்போது, அடுத்த அறையில் நடக்கும் ஆங்கிலப் பாடத்துக்கு அது பயன்படும் என்று அவரிடம் சொல்பவர் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே கற்பதே நன்று. தாய்மொழியை இடையே கொணர்ந்தால் அதன் பழக்கமும் உடன்வரும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. தமிழில் பண்புச்சொல் ஒப்பீட்டால் உருமாறுவதில்லை. 'விட' என்பதே போதும். அதனால் 'மோர் டாலர்' போன்ற பிழைகள் பிறக்கின்றன. மூன்று மடங்கின் மயக்கமும் அவ்வாறே கடந்துவருகிறது. ஆயினும் ஆசிரியர் தாய்மொழியை வாய்திறந்து சொல்லாவிட்டாலும் மாணவரின் மனத்தில் அது இயங்கிக்கொண்டே இருக்கும். இயங்குவதைக் கண்டுகொள்ளாமல் விடுவதா, வெளிக்கொணர்ந்து ஒழுங்குபடுத்துவதா என்பதே வினா. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டையும் காட்டும் ஆசிரியருக்கு அந்தப் பழக்கம் பகையாகாது.

செய்யவேண்டுவது பெரிய செலவுடையதன்று. கேரளத்தின் தமிழ்த் துறைகளும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் இணைந்து, தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி அளவு ஒப்பீட்டுத் தொடர்களை நிரல்படுத்தி ஒரு சிறு கையேடு தொகுக்கலாம். அதில் ஒவ்வொரு தொடருக்கும் எண்கோட்டில் அதன் எல்லை குறிக்கப்படவேண்டும். அடங்கும் எண்ணுக்கு நிரப்பிய புள்ளி, அடங்காத எண்ணுக்கு வெற்றுப் புள்ளி. எடுத்துக்காட்டுகள் நீர்மட்டத்திலிருந்தும் கூலிச்சீட்டிலிருந்தும் வரட்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் பதினோராம் வகுப்பில் சேரும் இடைக்காலத்தில் அதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். கணித ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் அந்த ஒரு வாரமாவது ஒரே வகுப்பில் அமரட்டும். விடைத்தாள் திருத்துவோரும் எல்லை பிழைத்த விடையில் கணிதப் பிழை எது, மொழிப் பிழை எது என்று பிரித்துக் குறிக்கலாம். பிழையின் காரணம் தெரிந்தால்தான் அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதும் தெரியும்.

முதலில் கண்ட மாணவருக்கு, கரும்பலகையில் 'அட் லீஸ்ட் 2' என்று எழுதி, அதன் கீழே 'குறைந்தது 2' என்று எழுதிக் காட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால்தான் அவர் கணிதத்தில் பின்தங்கியவர் என்று எழுதப்படுகிறார்.